பழகிய கையும் புதிய சிஸ்டமும்

கேள்வி: வயது 43. பதினைந்து வருடமாக நெட்வொர்க் அட்மின் வேலை. சிஸ்கோ ரூட்டர், சுவிட்ச், லினக்ஸ் சர்வர் எல்லாம் தலைகீழாகத் தெரியும். சமீபத்தில் எங்கள் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தது. அவர்களுடைய இரண்டு ஃபயர்வால்களும் ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஓடுகின்றன. அவற்றை அமைத்தவர் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போகிறார். முதல் நாள் அதன் முன் உட்கார்ந்தபோது ஐபி முகவரி பார்க்கக்கூட எனக்கு வரவில்லை. பின்னால் நின்ற ஜூனியர் பையன்கள் முன் கூசிப் போய்விட்டேன். இந்த வயதில் இதை முதலிலிருந்து படிக்க வேண்டுமா? அல்லது இரண்டையும் எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்தக் கூச்சத்தைப் பற்றி. நீங்கள் அன்று என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. லினக்ஸில் பழகிய ‘ஐபி’ கட்டளையை அடித்திருப்பீர்கள். அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்திருக்கும். ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை சிஸ்டத்தில் அந்தக் கட்டளை கிடையாது. அங்கே இன்றைக்கும் ‘ஐஎஃப்கான்ஃபிக்’தான். லினக்ஸ் உலகம் பழசு என்று ஓரங்கட்டிய அந்தக் கட்டளையை இவர்கள் விடாமல் வளர்த்து வந்திருக்கிறார்கள். வீலான், பிரிட்ஜ், இரண்டு கேபிளைச் சேர்த்து ஒன்றாக்குவது, வைஃபை எல்லாமே அதற்குள் அடக்கம். பதினைந்து வருடத்துக்கு முன் லினக்ஸில் நீங்கள் கற்றதும் இதைத்தான் என்பதால், விரல்களுக்கு அது சீக்கிரம் திரும்பி வந்துவிடும். ‘நெட்ஸ்டாட்’, ‘ஏஆர்பி’, ‘டிசிபிடம்ப்’ எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன.

முதலிலிருந்து படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த நெட்வொர்க்கிங்கின் பெரும்பகுதி ஃப்ரீபிஎஸ்டி வந்த பிஎஸ்டி குடும்பத்தில்தான் பிறந்தது. இன்று எல்லா சிஸ்டமும் பயன்படுத்தும் சாக்கெட் முறை, 1983-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வந்த 4.2பிஎஸ்டியோடு வெளியானது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே வெறும் 400 கஜ தூரத்தில் நெரிசல் முற்றி, நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்துதான் வான் ஜேக்கப்சன் ‘ஸ்லோ ஸ்டார்ட்’ உள்ளிட்ட நெரிசல் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். அது 1988-இல் 4.3பிஎஸ்டியின் டாஹோ பதிப்பில் சேர்ந்தது. நீங்கள் தேர்வுக்குப் படித்த டிசிபி பாடம் முதலில் எழுதப்பட்ட வீடு இது. 1993-இல் ஃப்ரீபிஎஸ்டி அந்த வழியில்தான் கிளைத்தது. ஜூனிப்பர் ரூட்டர்களின் ஜூனோஸ் வளர்ந்தது இதன் மேல்தான். நெட்ஃபிளிக்ஸ் படங்களை அனுப்பும் சர்வர்கள் ஓடுவதும் இதில்தான். ஆகவே இதற்குச் செலவிடும் நேரம் வீணாகாது.

உங்களுக்குத் தெரியாத விஷயங்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தெரியாது என்று தெரிந்தால் நீங்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பீர்கள். என் கவலை, பார்ப்பதற்கு அதே மாதிரி இருந்து வேறு மாதிரி நடந்துகொள்ளும் விஷயங்கள். அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நம் வீட்டு உப்பு டப்பா மாதிரியே ஒரு டப்பா இருக்கும், உள்ளே சர்க்கரை. அனுபவசாலி தடுமாறுவது அங்கேதான், ஏனென்றால் அவர் திறந்து பார்க்க மாட்டார். புதிதாகப் படிக்கும் பையன் திறந்து பார்த்துவிடுவான்.

இதில் முக்கியமானதை விரிவாகச் சொல்கிறேன், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதில் இருக்கிறது. அந்த இரண்டு ஃபயர்வால்களிலும் பெரும்பாலும் ‘பிஎஃப்’ என்ற பாக்கெட் வடிகட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதை எழுதத் தொடங்கியவர் டேனியல் ஹார்ட்மையர். 2001-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓபன்பிஎஸ்டிக்காக எழுதினார், பிறகு ஃப்ரீபிஎஸ்டிக்கும் வந்தது. சிஸ்கோ அணுகல் பட்டியலையும் லினக்ஸின் ஐபிடேபிள்ஸையும் மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் முதல் ரூலில் முடிவு கட்டிப் பழகியவர் நீங்கள். பிஎஃப் ரூல் முழுவதையும் கடைசி வரை படிக்கும். பொருந்திய கடைசி ரூல்தான் ஜெயிக்கும். மேலே ‘22-ஆம் போர்ட்டைத் தடு’ என்று ஒரு வரி, கடைசியில் ‘எல்லாவற்றையும் விடு’ என்று ஒரு வரி இருந்தால், சிஸ்கோ கண்ணுக்கு அது பூட்டிய கதவு. பிஎஃப்பில் திறந்த கதவு. ரூலில் ‘குவிக்’ என்ற சொல் இருந்தால் மட்டும் அது அங்கேயே முடிவாகிவிடும். ஆகவே அந்தக் கோப்பைப் படிக்கும்போது முதலில் எந்தெந்த வரியில் குவிக் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை மேலிருந்து கீழாகவும், மற்றவற்றைக் கீழிருந்து மேலாகவும் படித்தால் கோப்பு புரிய ஆரம்பிக்கும்.

இன்னொன்று, சிஸ்கோ பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ‘எல்லாவற்றையும் மறுத்துவிடு’ உட்கார்ந்திருக்கும் அல்லவா? பிஎஃப்பில் அது கிடையாது. எந்த ரூலும் பொருந்தாத பாக்கெட் உள்ளே போய்விடும். அதனால்தான் நன்றாக எழுதப்பட்ட பிஎஃப் கோப்பில் வடிகட்டும் ரூல்கள் ‘எல்லாவற்றையும் தடு’ என்ற வரியோடு தொடங்கும். உங்கள் கோப்பில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சரி, கடைசி ரூல்தான் ஜெயிக்கும் என்று மனதில் பதிந்தபின் நேட் பகுதிக்கு, அதாவது உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் பகுதிக்கு வந்தால், ஃப்ரீபிஎஸ்டியில் நெடுங்காலமாக இருக்கும் எழுத்து முறையில் நேட் ரூல்களுக்கு முதலில் பொருந்துவதே முடிவு! ஒரே கோப்புக்குள் இரண்டு நியதி. அத்தோடு, முகவரி மாற்றம் முதலில் நடக்கும், வடிகட்டல் பிறகுதான் வரும். இதன் விளைவை ஒரு உதாரணத்தில் பாருங்கள். உள்ளே 192.168.10.50 என்ற ஒரு கணினி வெளியே போகக் கூடாது என்று முடிவு செய்கிறீர்கள். லினக்ஸில் ஃபார்வர்ட் சங்கிலியில், வெளிப்பக்க இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டு அந்த முகவரியைத் தடுத்தால் வேலை முடிந்தது. பிஎஃப்பில் அதே எண்ணத்தோடு, வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் வெளியேறும் பாக்கெட்டுக்கு அந்த ரூலை எழுதினால், ஒரு பாக்கெட்கூட அதில் சிக்காது. அந்த இடத்துக்கு வரும்போது 192.168.10.50 என்ற முகவரியே அதில் இருக்காது, ஃபயர்வாலின் வெளி முகவரியாக மாறியிருக்கும். உள்பக்க இன்டர்ஃபேஸில், பாக்கெட் நுழையும்போதே தடுக்க வேண்டும். ரூல் பிழையில்லாமல் ஏற்றமாகும், எச்சரிக்கை எதுவும் வராது, அந்தக் கணினி பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட இடங்களைத்தான் நீங்கள் தேடித்தேடிச் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். ரூல்களை மாற்றி மறுபடி ஏற்றினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் பழைய அனுமதியிலேயே தொடரும். தடுத்துவிட்டோமே, இன்னும் எப்படிப் போகிறது என்று குழம்ப வேண்டாம்; புதிதாக ஒரு இணைப்பைத் தொடங்கிப் பாருங்கள். அதற்காக எல்லா ஸ்டேட்டையும் (ஓடும் இணைப்புகள் பற்றி பிஎஃப் வைத்திருக்கும் பதிவுகளை) ஒரேயடியாகத் துடைக்கும் கட்டளையைப் பகல் வேளையில் போட்டுவிடாதீர்கள். அலுவலகத்தின் எல்லா இணைப்பும் அறுபடும், உங்கள் எஸ்எஸ்ஹெச் உட்பட. ஒரு முகவரிக்கான ஸ்டேட்டை மட்டும் நீக்க வழி இருக்கிறது.

பாக்கெட் ஏன் விழுந்தது என்று பார்க்கும் வழி உங்களுக்கு மிகவும் பிடிக்கும். ‘லாக்’ என்று குறித்த ரூலில் சிக்கும் பாக்கெட்டுகளை பிஎஃப் ‘பிஎஃப்லாக்0’ என்ற ஒரு போலி இன்டர்ஃபேஸில் விடுகிறது. அங்கே டிசிபிடம்ப் போட்டு உட்கார்ந்தால், இணைப்பு அடுக்கின் தலைப்பையும் காட்டும் தேர்வோடு, எத்தனையாவது ரூலால் எந்த இன்டர்ஃபேஸில் தடுக்கப்பட்டது என்று நேரலையாக ஓடும். கோப்பாகச் சேமிக்கப்படுவதும் பாக்கெட் வடிவத்தில்தான். லினக்ஸ் பழக்கத்தில் அதை ‘டெயில்’ போட்டுப் பார்த்தால் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம், டிசிபிடம்ப்பிடம் கொடுத்தால் படிக்கும்.

இரண்டு ஃபயர்வால் என்று சொன்னீர்கள். ஒன்று விழுந்தால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும் ஜோடியாக இருந்தால், அநேகமாக ‘கார்ப்’ நெறிமுறையில் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த விஆர்ஆர்பியின் உறவுக்காரர் அது. உறவு எவ்வளவு நெருக்கம் என்றால், இரண்டும் 112 என்ற அதே ஐபி நெறிமுறை எண்ணையும் ஒரே மாதிரியான மேக் முகவரித் தொடக்கத்தையும் பயன்படுத்துகின்றன. அதனால், தனியாகச் சொல்லாவிட்டால் டிசிபிடம்ப் அதை விஆர்ஆர்பி என்றே காட்டும். அதே நெட்வொர்க்கில் உங்கள் சிஸ்கோ ரூட்டர்கள் விஆர்ஆர்பி ஓட்டினால், இரண்டுக்கும் ஒரே குழு எண் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரு நிறுவனங்களையும் இணைக்கும் வேலைகள் நடக்கும் இந்த நேரத்தில் அது நிஜமாகவே நடக்கக்கூடியது.

மற்றவை சிறிய விஷயங்கள். இன்டர்ஃபேஸ் பெயர்கள் டிரைவரைப் பொறுத்து வரும். இன்டெல் கார்டுகளில் பல ‘ஐஜிபி0’, ‘ஐஎக்ஸ்0’ என்று நிற்கும். வேறு வகைக் கார்டு மாற்றினால் பெயரும் மாறும், பழைய பெயருக்கு எழுதிய அமைப்பு சும்மா கிடக்கும். ஆனால் அந்த டிரைவர் பெயரிலேயே மேன் பக்கம் (சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கும் விளக்கக் குறிப்பு) இருப்பதால், எந்தெந்தக் கார்டு, என்னென்ன அமைப்பு என்று அங்கேயே படித்துக்கொள்ளலாம். எந்த சர்வீஸ் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று பார்க்க லினக்ஸில் ‘எஸ்எஸ்’ அடிப்பீர்கள், இங்கே ‘சாக்ஸ்டாட்’. தனியாக நிறுவிய மென்பொருள்களின் அமைப்புக் கோப்புகள் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ அடைவுக்குக் கீழே இருக்கும், சிஸ்டத்தின் சொந்தக் கோப்புகளோடு கலக்காது. ஒரு பெட்டியில் முந்தைய அட்மின் என்னவெல்லாம் சேர்த்தார் என்று கண்டுபிடிக்க இந்தப் பிரிவினை பெரிய உதவி. பாதுகாப்புத் திருத்தங்களும் இரண்டு தடமாக வரும், அடிப்படை சிஸ்டத்துக்கு ஒன்று, சேர்த்தவற்றுக்கு ஒன்று. ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

சிஸ்டம் தொடங்கும்போது என்ன ஓட வேண்டும், எந்த இன்டர்ஃபேஸுக்கு என்ன முகவரி, டீஃபால்ட் ரூட் எது, ரூட்டராக நடந்துகொள்ள வேண்டுமா என்பதெல்லாம் ‘ஆர்சி.கான்ஃப்’ என்ற ஒரே கோப்பில் இருக்கும். படிக்க அவ்வளவு சுகமான கோப்பு. ஆனால் அது ஷெல் ஸ்கிரிப்ட்டாகவே படிக்கப்படுகிறது என்பது நினைவிருக்கட்டும். ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டால், அடுத்த ரீபூட்டில் பெட்டி பாதியிலேயே நின்றுவிடலாம். கையால் திருத்துவதைவிட அதற்கென்றே உள்ள ‘சிஸ்ஆர்சி’ கட்டளையால் மாற்றுங்கள். கையால்தான் திருத்துவேன் என்றால், ஷெல்லின் இலக்கணச் சோதனையை ஓட்டிவிட்டு எழுந்திருங்கள். ‘டீஃபால்ட்ஸ்’ அடைவில் இதே பெயரில் இன்னொரு கோப்பு இருக்கும். அதைத் திருத்தாதீர்கள், ஆனால் ஒரு முறை முழுக்கப் படியுங்கள். அந்த சிஸ்டத்தில் திருப்பக்கூடிய குமிழ்கள் அத்தனையும் விளக்கத்தோடு அங்கே இருக்கின்றன. என்னைக் கேட்டால், அனுபவமுள்ள ஒருவருக்கு அதைவிட நல்ல அறிமுகப் பாடம் இல்லை.

எப்படிப் பழகுவது? உங்கள் லேப்டாப்பில் இரண்டு மெய்நிகர் ஃபயர்வால், அவற்றுக்குப் பின்னால் ஒரு சின்ன கிளையன்ட் போடுங்கள். அலுவலக ஃபயர்வால்களின் அமைப்புக் கோப்புகளை நகலெடுத்து, கடவுச்சொற்களையும் சாவிகளையும் நீக்கிவிட்டு, அதே அமைப்பை அங்கே எழுப்பிப் பாருங்கள். புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து படிப்பது உங்களுக்குச் சலிப்பூட்டும். அதற்குப் பதில், எந்தப் புதுப் பெட்டி முன் உட்கார்ந்தாலும் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள்: முகவரி என்ன, ரூட் எங்கே போகிறது, யார் எந்தப் போர்ட்டில் நிற்கிறார்கள், பாக்கெட் ஏன் விழுகிறது, லாக் எங்கே, யார் உள்நுழையலாம், தவறினால் எப்படித் திரும்புவது. இந்தக் கேள்விகள்தான் உங்கள் பதினைந்து வருடச் சம்பாத்தியம். ஒவ்வொன்றுக்கும் இந்த சிஸ்டத்தின் பதிலை, நீங்களே செய்து பார்த்தபின் மட்டும், எதிரே எழுதுங்கள். அந்த நோட்டு நிரம்பும்போது பெட்டி உங்கள் கைக்குள் இருக்கும்.

பதில்களை முதலில் மேன் பக்கத்திலும் ஃப்ரீபிஎஸ்டி கையேட்டிலும் தேடுங்கள். லினக்ஸ் உலகத்தில் வளர்ந்த நமக்கு நேராக இணையத்தில் தேடுவது பழக்கமாகிவிட்டது, ஆனால் இங்கே அது சறுக்கும். கிடைக்கும் பதில் லினக்ஸுக்கானதாக இருக்கும், அல்லது ஓபன்பிஎஸ்டிக்கானதாக இருக்கும். ஓபன்பிஎஸ்டி 2010-இல் தன் 4.7 பதிப்பில் நேட் ரூல்களின் எழுத்து முறையையே மாற்றிவிட்டது. அங்கிருந்து நகலெடுத்த வரி உங்கள் பெட்டியில் ஏறாமல் போகலாம். செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளும் இந்த இரண்டையும் கலந்து கட்டும். உங்கள் பெட்டியிலேயே இருக்கும் மேன் பக்கம் உங்கள் பதிப்புக்காகவே எழுதப்பட்டது.

திரும்பும் வழி பற்றி ஒரு வார்த்தை. தொலைவிலிருந்து சிஸ்கோ ரூட்டரில் கை வைக்கும் முன் ‘பத்து நிமிடத்தில் ரீலோட்’ என்று போட்டுவிட்டுத்தானே தொடங்குவீர்கள்? அதே ஒழுக்கத்தை இங்கேயும் கடைப்பிடியுங்கள். புதிய ரூல் கோப்பை ஏற்றாமல் இலக்கணம் மட்டும் சரிபார்க்க ஒரு தேர்வு இருக்கிறது, அதை ஓட்டுங்கள். பிறகு, பழைய ரூல் கோப்பை மறுபடி ஏற்றும்படி ‘அட்’ கட்டளையில் ஒரு வேலையைக் குறித்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். உள்ளே இருக்கிறீர்கள் என்று உறுதியானதும் அந்த வேலையை நீக்கிவிடலாம். கவனிக்க வேண்டியது, ஃப்ரீபிஎஸ்டியில் குறித்த வேலைகளை, நேரப்படி வேலைகளை ஓட்டும் கிரான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் எடுத்துப் பார்க்கும். இரண்டு நிமிடம் என்று குறித்திருந்தாலும் ஐந்தாறு நிமிடம் ஆகலாம். பதறி டேட்டா சென்டருக்குக் கிளம்பிவிடாதீர்கள். பெட்டி இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் இருந்தால் இன்னும் வசதி. பெரிய புதுப்பிப்புக்கு முன் ‘பெக்ட்டில்’ கட்டளையால் ஒரு பூட் சூழலை (சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் நகலை) எடுத்து வைத்துக்கொண்டால், சொதப்பினாலும் தொடக்க மெனுவில் பழையதைத் தேர்ந்து மேலே வந்துவிடலாம்.

தூக்கிவிட்டு லினக்ஸ் போடலாமா என்பதற்கு, இப்போது வேண்டாம் என்பேன். என்ன செய்கிறது என்று முழுதாகப் புரியாத ஃபயர்வாலை இன்னொன்றாக மாற்றி எழுத முடியாது. எழுதினால் எந்த ரூல் விடுபட்டது என்று வாடிக்கையாளர் ஃபோனில் சொல்லித்தான் தெரியவரும். ஒரு பெரிய பதிப்பு மாற்றத்தை நீங்களே செய்து முடித்தபின் யோசியுங்கள். ஒரே அணி இரண்டு வகை சிஸ்டத்தைப் பராமரிப்பது சுமைதான், மாற்றுவதற்கு அது நியாயமான காரணம். தெரியாது என்பது காரணம் ஆகாது.

ஜூனியர்கள் விஷயத்தில், அவர்களையும் அந்த மெய்நிகர் பெட்டிகளில் உட்கார வையுங்கள். அந்த 192.168.10.50 உதாரணத்தைக் கொடுத்து, ரூல் ஏன் பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே தேடுங்கள். தெரியாத ஒன்றை ஒரு சீனியர் எந்த வரிசையில் அணுகுகிறார் என்பதை அவர்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

அவசரமானது அந்த இரண்டு மாதம்தான். போகப்போகிறவரிடம் ‘இதை எப்படிச் செய்வது’ என்று கேட்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அது கையேட்டில் இருக்கிறது. ரூல் கோப்பை அச்செடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் இது ஏன் இங்கே இருக்கிறது, யார் கேட்டு வைத்தது, இன்னும் தேவையா என்று கேளுங்கள். அது எந்த மேன் பக்கத்திலும் இல்லை. கீபோர்ட் உங்கள் கையில் இருக்கட்டும், அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிறகு, அவர் இருக்கும்போதே, முன்கூட்டி அறிவித்து, ஓர் இரவில் இரண்டு ஃபயர்வால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ரீபூட் செய்யுங்கள். வருடக்கணக்கில் அணையாமல் ஓடிய பெட்டியில், எப்போதோ கையால் அடித்து, ஆர்சி.கான்ஃப்பில் எழுத மறந்த ஒரு ரூட்டோ ஒரு அமைப்போ ஒளிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரீபூட்டுக்கு முன் ரூட்டிங் அட்டவணை, இன்டர்ஃபேஸ் நிலை, ஏறியுள்ள ரூல்கள், சாக்ஸ்டாட் பட்டியல் நான்கையும் கோப்பில் சேமித்து, எழுந்தபின் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். கன்சோல் வழி வேலை செய்கிறதா, அதன் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா என்பதை அதற்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். அந்த இரவுக்கான அனுமதியை மேலாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். கடைசி வாரத்தில் போகப்போகிறவருக்கும் உங்களுக்கும் பொறுமை இருக்காது.